அறுந்த கோப்பு இணைப்புகளை மீட்காமல் நீக்கியது குறித்த புகார்

அனுப்புநர்
பொறுப்பாளர்,
திட்ட அறிக்கை தயாரிக்கும் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கணினிப் பராமரிப்பு நிறுவனம்.

பொருள்: சர்வர் மாற்றத்தின்போது அறுந்த எக்செல் – வேர்டு இணைப்புகளை மீட்டுத் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த ஜூன் 14 அன்று தங்கள் பணியாளர்கள் எங்கள் பழைய சர்வரிலிருந்த கோப்புகளைப் புதிய சர்வருக்கு மாற்றிக் கொடுத்தனர். மறுநாள் முதல் 38 வேர்டு கோப்புகளிலுள்ள அட்டவணைகள் எக்செல்லிலிருந்து புதிய எண்களைப் பெறவில்லை. இது குறித்து நாங்கள் பதிவு செய்த புகாரை, ஜூன் 20 அன்று "சரிசெய்யப்பட்டது" என்று குறித்து முடித்துவிட்டீர்கள். எதுவும் சரியாகவில்லை, நிலைமை முன்பைவிட மோசமாகியிருக்கிறது.

சிறுதொழில் முனைவோர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது தர வேண்டிய திட்ட அறிக்கைகளை நாங்கள் தயாரிக்கிறோம். கணக்கீடு முழுவதும் எக்செல்லிலும் விளக்கவுரை வேர்டிலும் இருக்கும். தேய்மானம், தவணை, லாப நட்டம் ஆகிய அட்டவணைகளை, எக்செல்லில் எண் மாறினால் வேர்டிலும் மாறும்படி, பேஸ்ட் ஸ்பெஷல் வழியாக பேஸ்ட் லிங்க் கொடுத்து வேர்டில் சேர்த்திருந்தோம். எக்செல்லில் இடையில் வரிசை சேர்த்தாலும் இணைப்பு இடம் தவறாதிருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெயர் சூட்டியிருந்தோம். வட்டி விகிதத்தை ஓரிடத்தில் திருத்தினால் அறிக்கை முழுவதும் திருந்தும்படி பல ஆண்டுகளாகப் பொறுமையுடன் கட்டிய அமைப்பு அது.

இத்தகைய இணைப்பு, மூலக் கோப்பின் முழு முகவரியையும் தன்னுள் வைத்திருக்கும். அந்த முகவரியைக் காட்டும் ஆல்ட், எஃப்9 விசைகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்தபோது எல்லா இணைப்புகளும் பழைய சர்வருக்குரிய இசட் டிரைவையே சுட்டின. தாங்களோ புதிய சர்வரை ஒய் டிரைவாக அமைத்திருந்தீர்கள். ஃபோல்டர்களின் பெயரும் வரிசையும் மாறாததால், அதே இசட் எழுத்தைப் புதிய சர்வருக்குக் கொடுத்திருந்தாலே போதுமானது. அது இயலாதெனில், ஒவ்வொரு இணைப்பின் சோர்ஸ்ஃபுல்நேம் மதிப்பையும், அதாவது மூலக் கோப்பின் முகவரியையும், தானாக மாற்றும் மேக்ரோ எனும் சிறு நிரல் ஒன்றை எழுதி ஓட்டியிருக்கலாம்.

தங்கள் பணியாளர் இவ்விரண்டையும் செய்யாமல், 38 கோப்புகளிலும் இணைப்பையே நீக்கிவிடும் பிரேக் லிங்க் கொடுத்துச் சேமித்துவிட்டார். பிழைச் செய்தி வராமல் போனது உண்மை. பிழை காட்டுவதற்கு அங்கே இணைப்பே இல்லை. ஒவ்வொரு அட்டவணையும் கடைசியாகப் பெற்ற எண்களோடு நின்றுபோன வெறும் படமாகிவிட்டது. இணைப்பு அறுந்திருந்தபோது பழைய முகவரியாவது உள்ளே இருந்தது, அதை வைத்து மீட்டிருக்க முடியும். இப்போது அதுவும் இல்லை.

பிழைச் செய்தி வந்துகொண்டிருந்தால் நாங்கள் எச்சரிக்கையாக இருந்திருப்போம். "சரிசெய்யப்பட்டது" என்ற தங்கள் சொல்லை நம்பி, பொள்ளாச்சியைச் சேர்ந்த தென்னை நார்த் தொழிற்கூடம் ஒன்றின் அறிக்கையில் வட்டி விகிதத்தை 10.25 சதவீதத்திலிருந்து 9.75 சதவீதமாக எக்செல்லில் திருத்தி, விளக்கவுரையையும் அதற்கேற்ப மாற்றி, வங்கிக்கு அனுப்பிவைத்தோம். அட்டவணைகளில் பழைய தவணைத் தொகையே இருந்தது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று வங்கி அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. அச்சிடும் முன் ஒப்பிட்டுப் பார்க்காதது எங்கள் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், எங்களை நம்பிய ஒருவரின் கடன் விண்ணப்பம் தள்ளிப்போனதற்கு மூலகாரணம் தங்கள் பணியாளர் செய்த வேலைதான்.

எனவே, ஜூன் 14-க்கு முந்தைய பிரதிகளை எடுத்து, அவற்றிலுள்ள இணைப்புகளின் முகவரியைப் புதிய சர்வருக்கு மாற்றி, அதன்பின் நாங்கள் செய்த எழுத்துத் திருத்தங்களை இரு பிரதிகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டும் வேர்டின் கம்பேர் வசதியால் கண்டறிந்து சேர்த்து, 10 நாட்களுக்குள் கட்டணமின்றித் தர வேண்டுகிறேன். எக்செல்லில் ஓர் எண்ணை மாற்றி, வேர்டில் இணைப்பைப் புதுப்பிக்கும் எஃப்9 விசையை அழுத்தியதும் அது மாறுவதை ஒவ்வொரு கோப்பிலும் எங்கள் முன்னிலையில் காட்டிய பிறகே இப்புகாரை முடித்ததாகக் குறிக்க வேண்டும்.

பழைய சர்வரின் ஹார்டு டிஸ்க்குகளைத் தங்கள் பணியாளர்கள் அழிப்பதற்காக எடுத்துச் சென்றுள்ளனர். இணைப்புகள் சிதையாத மூலப் பிரதிகள் அவற்றில் மட்டுமே உள்ளன. மீட்புப் பணி முடியும்வரை அவற்றை அழிக்கமாட்டோம் என்று இக்கடிதம் கிடைத்த அன்றே எழுத்து மூலம் உறுதியளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்