டென்ட் எடுக்கப் போகிறாயா, இதைப் படி

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா? நான் காட்டில் படுத்துத் தூங்குவதை அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டாய் போல, போனில் ஒரே புலம்பல்.

இங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆபீஸில் பாதிப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வந்த புதிதில் சனி, ஞாயிறு அறைக்குள்ளேயே கிடப்பேன். இப்போது நானும் அவர்களோடு சேர்த்தி. இதுவரை இரவல் டென்ட்தான், இனி சொந்தமாக ஒன்று எடுக்கவேண்டும். நீயும் எடுக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதனால்தான் இவ்வளவு விவரம்.

எல்லோரும் முதலில் எடையைத்தான் பார்ப்பார்கள். அதில் 'டிரெயில் வெயிட்' என்று போட்டிருப்பது மேல்துணி, உள்கூடு, கம்பிகள் இவற்றின் எடை மட்டும். முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்த 'பேக்ட் வெயிட்'தான் உன் முதுகில் ஏறப்போவது. இரண்டு பேருக்கானது மொத்தமாக ஒன்றரை கிலோவுக்குள் அடங்கினால் தாராளமாக எடுக்கலாம். இரண்டு பேர் என்றால் தோளோடு தோள் உரசிக்கொண்டு, மூட்டை வெளியே!

ஆனால் எடையைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. ஒற்றைத் துணி டென்ட் லேசுதான், சரி. விடிந்ததும் கூரையைப் பார், உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளி, விரல் பட்டால் வழிந்து ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் நனைந்துபோகும். மழையே பெய்திருக்காது, எல்லாம் நாம் விட்ட மூச்சு. இரட்டைத் துணி என்றால் அந்த ஈரம் மேல்துணியில் தங்கிவிடும், நடுவில் இருக்கும் வலை நம்மைக் காப்பாற்றும். இதற்காகக் கூட ஒரு கால் கிலோ சுமக்க நான் தயார்.

அப்புறம் துணி. சிலிகான் பூசிய நைலான் நனைந்தால் தளர்ந்து தொய்யும், நடுராத்திரியில் எழுந்து மழையில் கயிற்றை இழுத்துக் கட்டவேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. டைனீமா என்று இன்னொரு வகைத் துணி, அது தண்ணீரே குடிக்காது, தொய்யாது, இறகு மாதிரி இருக்கும், ஆனால் விலையைக் கேட்டால் தூக்கம் போய்விடும்.

நடக்கும் கோலையே தூணாக வைத்து நிறுத்தும் டென்டில் கம்பி எடை மிச்சம். ஆனால் முளை இறங்காத பாறையில் அது நிற்காது, கல்லைத் தேடிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இங்கே மலையில் பாறைதான் அதிகம், அதனால் நான் தானாக நிற்கும் கம்பி டென்ட், இரட்டைத் துணி, பாலியெஸ்டர் என்று முடிவு செய்துவிட்டேன்.

நீ என்னைவிட உயரம். கடையில் விரித்துக் காட்டச் சொல்லி உள்ளே நீட்டிப் படுத்துப் பார், தலையோ காலோ துணியில் இடித்தால் வேண்டாம். எதை எடுத்தாய் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்