அப்பாவிடம் பேசியவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்துபோனவர்கள், போனில் விசாரித்தவர்கள், சத்தமில்லாமல் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர்கள் என்று ஏகப்பட்ட பேர். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல அம்மாவுக்கும் எனக்கும் ஆசைதான். இப்போதைக்கு இந்த மடல். யார் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் பாதிப் பேர் "இதை எதற்கு ஊருக்குச் சொல்கிறாய்" என்று கோபிப்பீர்கள், விட்டுப்போன மீதிப் பேரும் கோபிப்பீர்கள்.

முதலில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியதையும், தூக்கச் சொன்னபோது வலது கை மட்டும் தொய்ந்து விழுந்ததையும் பார்த்தவுடன் அவர் எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் போனில் ஒரு படம் எடுத்தார். அப்புறம்தான் வண்டியை எடுத்தார். இந்த நேரத்தில் என்ன படம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை உறைந்த ரத்தம் அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். எல்லோரும் பதறிக்கொண்டிருந்தபோது, அண்ணன் போனைத் திறந்து காட்டினார்.

வார்டில் இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்காவை அம்மா இன்னும் தினமும் நினைத்துக்கொள்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க, அசைய முடியாதவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பார்கள். அதற்கு முன்னால் அந்த அக்கா குனிந்து, அப்பாவின் கண்ணைப் பார்த்து, "ஐயா, இப்போ உங்களை இடது பக்கம் திருப்பப் போறேன், சரியா?" என்று கேட்பார். அந்த அறைக்குள் வந்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பற்றி எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடமே பேசிய முதல் ஆள் அவர்தான். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும் என்று எச்சரித்து, முழங்கை முதல் விரல் வரை தாங்குகிற மாதிரி தலையணை வைக்கவும் அம்மாவுக்குப் பழக்கிவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த மேடத்துக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு அடிபட்டது மூளையின் இடது பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு அந்தப் பக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. 1861-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், சொல்வது புரிந்தும் ஒரே ஓர் அசையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்ல முடிந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினாராம். இறந்த பிறகு பார்த்தபோது, அந்த மனிதரின் மூளையில் இடது முன்பக்கம் சேதமாகியிருந்தது. இதைச் சொல்லிவிட்டு மேடம், "உங்க அப்பாவுக்குப் புரியுது. வார்த்தைதான் வெளியே வரலை. காது நல்லாத்தான் இருக்கு, யாரும் கத்தாதீங்க" என்றார். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. ஆமாம், இல்லை என்று தலையசைக்கிற மாதிரி கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் தொடங்கிய சொல்லை நாம் முடித்துவைக்கக் கூடாது. (சும்மா காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டு ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்!) பேச வராதவர்களுக்கும் சில சமயம் பாட வரும் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அம்மாவின் பெயரே நாக்கில் வராத அப்பா, ஒரு பழைய பாட்டின் பல்லவியை முழுசாகப் பாடினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

அதேபோல், யோசிக்காமல் வாயில் வருகிற சொற்களும் தப்பிப் பிழைப்பதுண்டாம். அப்பா பேச்சில் தெளிவாகச் சொன்ன முதல் சொல், பிசியோதெரபி தம்பியைப் பார்த்து, "போடா!" அந்தத் தம்பி கை தட்டிச் சிரித்து, "இன்னொரு தடவை திட்டுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டதற்குத் தனியாக ஒரு நன்றி.

அப்பாவின் நண்பர், எங்களுக்கு மாமா, காலையில் வந்து பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். தலைப்பைப் படிப்பார், அரசியல் பேசுவார், அப்பா சார்பில் எதிர்வாதத்தையும் அவரே பேசிவிட்டு, "என்ன, ஒத்துக்கிறியா?" என்பார். அப்பா பலமாகத் தலையாட்டி மறுப்பார். பல வருடமாக நடக்கிற சண்டை, ஒருநாளும் நிற்கக்கூடாது என்பதில் மாமா உறுதியாக இருந்தார். தலைமாட்டில் நின்று "எப்படி இருந்த மனுஷர்!" என்று கண்கலங்கியவர்களின் அன்பிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் போனபிறகு அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மாமா போனபிறகு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அம்மாவின் தோழிக்கும் சொல்ல வேண்டும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதோடு நிற்காமல், "நான் இருக்கேன், நீ போய்த் தூங்கு" என்று கதவைச் சாத்தினார். எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கு, இன்சூரன்ஸ் காகிதங்களை அடுக்கிக் கொடுத்த சித்தப்பாவுக்கு, பணம் கொடுத்துவிட்டு அந்தப் பேச்சையே எடுக்காதவர்களுக்கு, எதுவுமே மாறாத மாதிரி தாத்தா மடியில் ஏறி உட்கார்ந்த என் அக்கா மகளுக்கு, எல்லோருக்கும் நன்றி.

அப்பா இப்போது கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார். சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, வாக்கியம் இன்னும் வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் அவருக்கு இடது பக்கமாக நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். வலது பக்கம் பார்வை சரியாக எட்டுவதில்லை. டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். காலையில் வந்தால் நல்லது, சாயங்காலம் களைத்துவிட்டால் வந்த சொல்லும் வராது. மாமா ஞாயிற்றுக்கிழமை விடுப்பு. அன்றைய பேப்பருக்கு ஆள் தேவை, சண்டை போடத் தெரிந்தவர்கள் வரலாம்.

நன்றியுடன்,
அவருடைய இளைய மகள்