தகரம் அடிக்கும் முன் ஒரு தாள் கொடுங்கள்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில், நடுவர் நீதிமன்றத்தில் வழக்காடிப் பிழைப்பவன் நான். தொற்றுக்காலத்தில் வீட்டை அடைக்கும் அதிகாரத்துக்குச் சட்டத்தில் வரம்பு எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஊரடங்கு என்ற சொல்லே மறந்துபோன நேரத்தில் இவன் எதற்கு இதைக் கிளறுகிறான் என்று நினைப்பீர்கள். அடுத்த தொற்று வந்துவிட்டால் இதைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

2020 ஆகஸ்டில் எனக்குக் கொரோனா வந்தது. மறுநாள் காலை வாசலில் தகரம் அடித்தார்கள். இரண்டு சவுக்குக் கம்பு, குறுக்கே மூன்று தகரம். உள்ளே நானும் 78 வயது அம்மாவும். அடிக்க வந்த பையன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வாயில் நாலு ஆணியைக் கவ்வியிருந்தான். "ஆர்டர் காப்பி இருக்கா தம்பி?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "மேல சொல்லியிருக்காங்க சார்" என்றான். பாவம், தினக்கூலிக்கு வந்தவன். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை நாள், அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் யாரைக் கேட்பது, எதற்கும் ஒரு துண்டுத்தாள் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா தினமும் பால் பாக்கெட்டைக் கட்டைப்பையில் போட்டுத் தகரத்தின் மேல் மாட்டிவிட்டுப் போனார். அந்த இரண்டு வாரமும் எங்களுக்கு அரசாங்கம் அவர்தான்.

அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தகுதியுள்ள அதிகாரி தனியாக உத்தரவிட்டால் ஒழிய நோயாளி வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றது. போஸ்டருக்கே அப்படி என்றால் தகரத்துக்கு?

தடுப்பு நடவடிக்கையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2021 மே மாதம் என் சீனியரைப் பறிகொடுத்தேன். நோயின் வேகம் எனக்கும் தெரியும். எழுதி வைக்காத அதிகாரம் கடைசியில் யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கவலை.

1897-இல் மும்பையில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம் மொத்தமே நாலு பிரிவு. அரசு எந்த உத்தரவும் போடலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. சாரம் இவ்வளவுதான். அடைத்து வைக்கப்பட்டவனுக்குச் சோறு யார் போடுவது என்று ஒரு வரி இல்லை. 2020-இல் அதைத் திருத்தினார்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 7 ஆண்டு வரை சிறை என்று சேர்த்தார்கள். சரி, தேவையான திருத்தம்தான். ஆனால் மக்கள் பக்கம் அப்போதும் காலியாகவே இருந்தது.

அப்புறம், அந்த 188. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு. அதில் சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்துமூலம் புகார் கொடுக்காமல் நீதிமன்றம் வழக்கை எடுக்கவே முடியாது. இது ஜூனியர் வக்கீலுக்கும் தெரிந்த சங்கதி. அப்படியிருந்தும் மாநிலம் முழுக்க வழக்குகள் குவிந்தன. 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கடையநல்லூரில் பேசும்போது, ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சம் கைவிடப்படும் என்று அறிவித்தார். ஒரே கூட்டத்தில் கைவிடக்கூடிய வழக்குகளை எதற்காகப் போட்டோம்?

என்னிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர் ஒருவர், இளநீர் வியாபாரி. அவருடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். நாற்பது நாள் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடந்தது. திரும்பி வந்தபோது பேட்டரி இல்லை. வழக்கு போயிற்று, பேட்டரி போனது போனதுதான். இதையாவது சிரித்துக் கடக்கலாம். சாத்தான்குளத்தில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்று சொல்லி 2020 ஜூன் 19 அன்று பிடித்துப் போன ஜெயராஜும் பென்னிக்ஸும் உயிரோடு திரும்பவில்லை. அதிகபட்சம் அபராதம் கட்டி முடிக்க வேண்டிய விஷயம் அது.

இப்போது 188 போய், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 223-வது பிரிவு வந்திருக்கிறது. முன்பு ஒரு மாதமாக இருந்த சாதாரண மீறலுக்கு இப்போது 6 மாதம் வரை சிறை. பாடம் படித்த லட்சணம்.

டெல்லி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 1897 சட்டம் போதாது என்று இந்தியச் சட்ட ஆணையமே 2024-இல் தன் 286-வது அறிக்கையில் சொல்லிவிட்டது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நம்மிடம் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும் இருக்கிறது. இதே சட்டம்தான் மலபாரிலும் நடப்பில் இருந்தது. கேரளம் 2023-இல் புதுச் சட்டம் எழுதி அதை மாற்றிக்கொண்டது. நாமும் அதைத் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்த பிறகு, அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று ஒரே வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது. மனம் வைத்தால் முடிகிறது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு வீட்டையோ தெருவையோ அடைத்தால் காரணமும் முடியும் தேதியும் எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட்ட தாளைத் தமிழில் கொடுக்க வேண்டும். அடைத்த வீட்டுக்கு அரிசியும் மருந்தும் கொண்டு சேர்ப்பதை அதிகாரியின் கடமையாகச் சட்டத்திலேயே எழுத வேண்டும். கருணை என்று விட்டால் வராது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் எப்படி வந்தது? பேரிடர் சட்டத்தின் 12-வது பிரிவில் உயிரிழப்புக்கான உதவித்தொகை பற்றி ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கட்டாயம் என்றது. அந்த ஒரு வரி இல்லையென்றால் எதைக் காட்டி வாதாடுவது?

சாதாரண மீறலுக்கு அபராதம் மட்டும், கைது கூடாது. தடை உத்தரவுகள் இத்தனை நாளுக்குள் உங்கள் சபைக்கு வர வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் நீளும். இன்னொன்று, முன்னறிவிப்பு. 2020 ஏப்ரலில் சென்னை, கோவை, மதுரையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், அதற்கு முந்தின நாள் காய்கறிக் கடைகளில் ஊரே தோளோடு தோள் உரசி நின்றது. கூட்டம் கூடாதே என்ற உத்தரவே அன்று கூட்டத்தைக் கூட்டியது. அதிகாரிகள் யோசித்துச் செய்ய ஒரு நாள், மக்கள் தயாராக ஒரு நாள் என்று சட்டத்தில் இடம் வைத்தால் என்ன?

வரைவுக் குழு போட்டால் எங்களைப் போன்ற கீழ்க்கோர்ட் வக்கீல்களில் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். நான் சொந்தச் செலவில் பஸ் ஏறி வருகிறேன். சாட்சிப் பொருளும் கைவசம் இருக்கிறது. அடித்த தகரத்தைக் கழற்றிப் போக யாரும் வரவில்லை. இப்போது எங்கள் கோழிக்கூண்டுக்கு அதுதான் கூரை.

இப்படிக்கு,
ஒரு தென்மாவட்ட வழக்கறிஞர்