மூன்றாவதாக வந்தவரை மறக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2023இல் வெளியான 'ரோடு டு பாஸ்டன்' என்ற கொரியப் படத்துக்குச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். படத்தைப் பாராட்டியவரே, பந்தயத்தின் நடுவில் நாய் குறுக்கே பாய்வது சினிமாவுக்காகச் சேர்த்தது என்றும் எழுதியிருக்கிறார். அது நிஜமாக நடந்தது. 1947 ஏப்ரல் 19 அன்று பாஸ்டன் மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்த கொரிய வீரர் சோ யுன்-போக் (படத்தின் நாயகன் இவர்தான்) நாயால் கீழே விழுந்தார், ஷூ லேஸும் அவிழ்ந்தது. நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு நடுவழியில் விழுவது என்றால் என்னவென்று பிள்ளைகளைப் பயிற்றுவித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். நின்ற மாத்திரத்தில் கெண்டைக்கால் இறுகும். மூச்சு தாளம் தப்பும். எழுந்தாலும் விட்ட வேகம் லேசில் பிடிபடாது. அந்த 24 வயதுப் பையன் எழுந்து ஓடி, 2 மணி 25 நிமிடம் 39 விநாடியில் முதலாவதாக வந்தான். அதுவரை உலகில் யாரும் மாரத்தானை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. முறியடிக்கப்பட்டதும் வேறு யாருடைய சாதனையும் அல்ல. அவனைத் தயார்செய்து அழைத்துப்போன சோன் கி-ஜங் 1935இல் டோக்கியோவில் ஓடிய 2:26:42தான்! இப்படி ஒரு கதை கையில் இருக்கும்போது இயக்குநர் காங் ஜே-கியு நாயைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

என் மனத்தாங்கல் இதைவிடப் பெரியது. சோன் கி-ஜங்காக நடித்த ஹா ஜங்-வூவையும் சோ யுன்-போக்காக நடித்த இம் ஷி-வானையும் பத்தி பத்தியாகப் புகழ்ந்தவர், பே சங்-வூ ஏற்ற நாம் சுங்-யோங் பாத்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

1936 ஆகஸ்ட் 9, பெர்லின் ஒலிம்பிக். கொரியா ஜப்பானின் பிடியில் இருந்த காலம். சோனும் நாம் சுங்-யோங்கும் ஜப்பான் கொடியின் சூரியன் பொறித்த பனியனோடும் ஜப்பானிய உச்சரிப்பில் மாற்றப்பட்ட பெயர்களோடும் ஓடினார்கள். சோனுக்குத் தங்கம். தொடக்கத்தில் வெகு பின்னால் இருந்த நாம் சுங்-யோங், ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, வெள்ளி வென்ற பிரிட்டனின் எர்னஸ்ட் ஹார்ப்பரைவிட 19 விநாடி மட்டுமே பிந்தி வெண்கலம் பெற்றார். மேடையில் எடுத்த புகைப்படத்தைப் பாருங்கள். கொரியர் இருவரும் தலை குனிந்து நிற்கிறார்கள். தங்கம் வென்றவருக்குக் கொடுத்த ஓக் மரக் கன்றை மார்போடு அணைத்துச் சூரியனை மறைத்துக்கொண்டிருக்கிறார் சோன். நாம் சுங்-யோங்கின் கையில் மறைக்க எதுவும் இல்லை. சோனின் தங்கத்தைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை, அந்தக் கன்றைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன் என்று பின்னாளில் அவர் சொன்னார். சோனின் படத்தில் அந்தச் சூரியனை அழித்து அச்சிட்டதற்காக 'தோங்-ஆ இல்போ' நாளிதழ் பல மாதம் முடக்கப்பட்டது. இரண்டு பதக்கங்களும் ஒலிம்பிக் பதிவேட்டில் இன்றும் ஜப்பான் கணக்கில்தான் இருக்கின்றன.

பாஸ்டனில் கொரிய வீரர்களின் பனியனில் அமெரிக்கக் கொடி என்றதும் படத்தில் சோன் கொதிக்கும் காட்சி மிகை என்கிறார் விமர்சகர். பெர்லினில் அப்படி நின்றவருக்கு அது எப்படி மிகையாகும்?

நாம் சுங்-யோங் பாஸ்டனுக்குத் துணையாக மட்டும் போகவில்லை. 34 வயதில், சோ யுன்-போக்குடன் தானும் அந்த மாரத்தானை ஓடினார். பெர்லினில் சொந்த நாட்டின் பெயரில் ஓட முடியாமல் போன இருவரில், பிறகு 'கொரியா' என்று எழுதிய பனியனோடு பாஸ்டன் வீதியில் ஓடியவர் அவர்தான். என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. படமும் அவரைப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவராகவே வைத்துவிட்டது. எனக்கு அது குறைதான். விமர்சனமாவது அதைச் சுட்டியிருக்க வேண்டாமா?

அடுத்த இதழில் அந்தப் பெர்லின் புகைப்படத்தை வெளியிடுங்கள். சோனை மட்டும் வெட்டி எடுக்காமல் மூவரையும் முழுதாக அச்சிட்டு, நாம் சுங்-யோங்கின் பெயரையும் படத்தின் கீழே போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்.