எட்டுச் சட்டியும் ஏழு காரணியும்

அன்பு மகள்,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். எருமைத் தயிரின் இறுக்கத்தை எதெல்லாம் மாற்றுகிறது என்று சலித்தெடுக்க 7 காரணிகள், ஆனால் 8 சட்டிதான். நியம வழு, அதாவது ஒவ்வொரு மதிப்பீடும் எவ்வளவு தளம்பலாம் என்ற அளவு, வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதென்று மென்பொருளைத் திட்டாதே. அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

8 சட்டி என்றால் உன் கையில் 8 சுயாதீனப் படிகள், நீங்கள் டிகிரீஸ் ஒஃப் ஃப்ரீடம் என்பது, அதாவது ஒன்றையொன்று சாராத எட்டுத் தகவல் துண்டுகள். இடைக்கு, அதாவது சராசரிக்கு, 1 போகும். 7 காரணிகளும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளும். வழுவுக்கு மிச்சமில்லை. தயிர் இறுகியது பாலைக் கூடுதலாகக் காய்ச்சியதாலா, அல்லது சட்டிக்குச் சட்டி தானாக வரும் வித்தியாசமா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. போதாததற்கு, இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு பிரதான விளைவோடும், அதாவது ஒரு காரணி தனியே செய்யும் மாற்றத்தோடும், மூன்று இருகாரணி இடைத்தாக்கங்கள், அதாவது இரண்டு காரணிகள் சேர்ந்து செய்யும் மாற்றங்கள், பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன.

ஒவ்வொரு சட்டியையும் மூன்று தரம் அளந்து 24 தரவு என்று காட்டலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. அது உன் கருவி எவ்வளவு ஆடுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். பாலை மறுபடி காய்ச்சி, மறுபடி உறை விட்டு, வேறு சட்டியில் வைத்தால்தான் புதிய படி கிடைக்கும். அப்புறம், ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய பாலை நாலு சட்டிக்கு ஊற்றினாயா? அப்படியென்றால் காய்ச்சும் வெப்பநிலையைப் பொறுத்தவரை அந்த நாலும் ஒன்றுதான். திணைக்களத்தில் வயல் பரிசோதனைகளிலும் இதையேதான் பார்த்துச் சலித்தேன். நேரமில்லை என்பார்கள், பிறகு அறிக்கையில் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவார்கள்.

என்னைக் கேட்டால் 12 சட்டிக்குப் போ. பிளாக்கெற், பேர்மன் என்ற இரு புள்ளிவிபரவியலாளர்கள் 1946இல் கொடுத்த திட்டம் அதற்குத்தான் இருக்கிறது. 7 காரணிகளும் இடையும் போக 4 மிஞ்சும். 5 சதவீத மட்டத்தில் t பெறுமானம், அதாவது ஒரு விளைவு அதன் நியம வழுவைப்போல் எத்தனை மடங்கைத் தாண்டினால் நம்பலாம் என்ற எல்லை, வழுவுக்கு மிஞ்சும் 1 படிக்கு 12.71, 2க்கு 4.30, 4க்கு 2.78. 8 படி கிடைத்தாலும் 2.31 வரைதான் இறங்கும். ஆகவே முதல் மூன்று நாலு படிகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும். ஆனால் அந்த 4இலும் இடைத்தாக்கங்கள் கொஞ்சம் ஒளிந்திருக்கும், வழுவைப் பெரிதாகக் காட்டக்கூடும். நடுப்புள்ளிகள், அதாவது எல்லாக் காரணிகளையும் நடுமட்டத்தில் வைத்த சட்டிகள், சேர்க்கலாமே என்பாய். வெப்பநிலைக்கு நடு உண்டு, மண்சட்டிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

பால் ஒரே நாளில் கிடைக்காவிட்டால் நாளுக்கு ஆறாகப் பிரி. நாளும் 1 படி கேட்கும், 3 மிஞ்சும், t 3.18. பரவாயில்லை, தாங்கும்.

எத்தனை லீற்றர் வேண்டுமென்று சொல். வவுணதீவில் சொல்லி வைக்கிறேன். பாலை பஸ்ஸில் ஏற்றினால் பேராதனைக்கு வந்து சேருமுன் திரிந்துவிடும், அதனால் நீயே இங்கே வந்து செய்.

அம்மா
கல்லடி, மட்டக்களப்பு