காட்டுக் கொசுவைக் கணக்கெடுக்க மரத்துக்கு மேலே போக வேண்டும்

ஆசிரியருக்கு,

தண்ணீர்த் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என்று ஊர்க்கொசுவைப் பற்றி உங்கள் நாளிதழில் நிறையவே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காட்டில் கடிக்கும் கொசுக்களைக் கணக்கெடுப்பது பற்றியும் பேச வேண்டும். விளக்கால் கொசுவை ஈர்த்து விசிறியால் வலைப்பைக்குள் இழுக்கும் ஒளிப்பொறி நாலை ஆளுயரத்தில் மாட்டி, காலையில் விழுந்து கிடப்பதை எண்ணினால் காட்டின் அடித்தளம் மட்டுமே கணக்கில் வரும்.

குரங்கைக் கடிக்கும் கொசுக்கள் பல மரக்கிளைகளின் உயரத்திலேயே வாழ்கின்றன. 1947இல் உகாண்டாவின் ஜிகா காட்டில், மரத்து மேடையில் கூண்டில் வைத்த ரீசஸ் குரங்கிடம்தான் ஜிகா வைரஸ் முதலில் பிடிபட்டது. அடுத்த ஆண்டு அதே காட்டின் ஏடிஸ் ஆப்பிரிக்கானஸ் கொசுவில் கிடைத்தது. குரங்கு மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் எலிகன்ஸ் நம் நீலகிரியிலேயே உண்டு.

20 மீட்டர் உயரத்தில் பொறி மாட்ட யாரும் மரமேற வேண்டியதில்லை. ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை உண்டிவில்லால் கிளைக்கு மேல் எய்து, அதன் வாலில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்தால் போதும். கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸ் தடவ வேண்டும். மறந்தால் எறும்பு இறங்கிவிடும். காலையில் வலைப்பையில் இறக்கைதான் மிஞ்சும். 6 வோல்ட் பேட்டரி பழையதாக இருந்தால் விடியுமுன் விசிறி தளர்ந்து, மாட்டிய கொசுவெல்லாம் ஏறி வந்த வழியே போய்விடும்.

மூச்சில் வரும் கரியமில வாயுவைத் தேடித்தான் கொசு வரும்; அது இல்லாமல் வெறும் விளக்குக்கு வரத்து குறைவு. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள், உறைந்த கரியமில வாயுவான உலர் பனிக்கட்டி பாதி கரைந்துவிடும். இரண்டரை லிட்டர் தண்ணீர், 250 கிராம் சர்க்கரை, 17 கிராம் ஈஸ்ட் இருந்தால், அவை புளித்து வரும் வாயுவிலேயே ஓர் இரவு ஓடும். மலைக் குளிரில் ஈஸ்ட் மந்தப்படும் என்பதால் தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிப்பது; விளக்கை நம்பினால் அது பட்டியலிலேயே வராது. அதற்குப் பகலில், வந்து உட்காரும் கொசுவை உறிஞ்சிப் பிடிக்கும் குழாயோடு காத்திருக்க வேண்டும்.

மரப்பொந்து, வெட்டிய மூங்கில் கணு ஆகியவற்றின் நீரை ரப்பர் குழாய் மாட்டிய சிரிஞ்சால் எடுக்கலாம். ஒரு தடவை உறிஞ்சி நிறுத்தினால் அடிச்சேற்றில் ஒதுங்கிய கொசுப் புழுக்கள் தப்பிவிடும். மழைநீர் ஊற்றிக் கலக்கி மறுபடி உறிஞ்ச வேண்டும். புழுக்களைத் தனித்தனிக் குப்பியில் வளர்ப்பது கட்டாயம். டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசு, வளர்ந்தபின் தேன் மட்டுமே குடிக்கும் பரம சாது. புழுவாக இருக்கையில் ஒரே பாத்திரத்தில் விட்டால் மற்ற புழுக்களை எல்லாம் தின்று தீர்த்துவிடும்.

இனம் காண்பது உடல் செதில்களை வைத்து. சாராயத்தில் போட்டால் செதில் உதிரும். உலர்த்தி ஊசியில் ஏற்றி, சிலிக்கா ஜெல்லோடு மூட வேண்டும். மழைக்காட்டில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். மரபணுச் சோதனைக்குக் கொசுவின் கால் ஒன்றை மட்டும் சாராயத்தில் போட்டு வைத்தால் போதும்.

ஒவ்வொரு ஊசிச் சீட்டிலும் இடம், தேதியோடு தரையிலிருந்து எத்தனை மீட்டர், எந்த மணிநேரம் என்பதும் இருக்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும்போதே வனத்துறை இதை நிபந்தனையாக்கலாம்.

கொசு ஆய்வுப் பணியில் இருப்போர்,
கோவை மாவட்டம்