போர்ச்சுகலில் ‘நான் சைவம்’ என்பது போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ச்சுகல் செல்லும் சைவர்கள் ‘ஸோ வெஜெத்தரியானு’, அதாவது ‘நான் சைவம்’, என்று சொன்னால் போதும் எனத் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. போர்த்தோ நகரில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கித் திரும்பியவள் என்ற முறையில் அதைச் சற்றுத் திருத்த விரும்புகிறேன். பெண்கள் ‘வெஜெத்தரியானா’ என்று சொல்ல வேண்டும் என்பது சிறிய திருத்தம்தான். பெரிய சிக்கல் அந்தச் சொல்லின் பொருளில் இருக்கிறது. நாம் சைவம் என்றால் முட்டை தானாக விலகி, பாலும் தயிரும் தானாகச் சேர்ந்துவிடும். அங்கோ, அப்படிச் சொன்னால் ஆம்லெட் வரும். முட்டையைத் தவிர்க்க எண்ணி ‘வெகானா’, அதாவது விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் உண்ணாதவள், என்றால் பாலும் பாலாடைக்கட்டியும் கூடவே விலகிவிடும்.

ஒரு சிறிய உணவகத்தில் ‘கால்து வெர்த்’ கேட்டேன். மசித்த உருளைக்கிழங்கில் ஒருவகைக் கோஸ் இலையை மயிரிழையாக நறுக்கிப் போடும் பச்சைச் சூப் அது. ‘கார்ன்’, அதாவது இறைச்சி, இல்லையே என்று கேட்டதற்குப் பரிமாறியவர் மனதார ‘இல்லை’ என்றார். வந்த கிண்ணத்தின் நடுவில், சுற்றிலும் சிவந்த எண்ணெய் படர, ‘ஷோரீஸு’ என்னும் பன்றித் தொத்திறைச்சித் துண்டு ஒன்று மிதந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நமக்குப் பெருங்காயம் எப்படியோ, அவருக்கு அது அப்படி. எனவே பொருளின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். போர்ச்சுகீசிய மொழியில் உணவு தன்னுள் இருப்பதைச் ‘சுமக்கும்’: ‘லேவா ஷோரீஸு?’ என்றால் இதில் ஷோரீஸு சேர்கிறதா என்று பொருள். இறைச்சி வேகவைத்த நீரான ‘கால்து த கார்ன்’, பன்றிக் கொழுப்பான ‘பாஞ்யா’ ஆகியவற்றையும் இப்படியே கேட்கலாம். ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றி உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் இருந்தாலும், அப்பட்டியலில் மீனும் முட்டையும் பாலும் உண்டே தவிர, இறைச்சி இல்லை.

பணிவு வினைச்சொல்லில் இருக்கிறது. ‘கேரு’ என்றால் ‘வேண்டும்’. அது கட்டளை போல ஒலிக்கும். ‘கெரியா’ என்று இறந்தகாலத்தில் சொல்வதே மரியாதை. நாமும் ‘ஓர் உதவி வேண்டியிருந்தது’ என்றுதானே தொடங்குகிறோம்? ஆகவே, ‘டெஷ்குல்ப், கெரியா உம் பிராத்து ஸெய் கார்ன், ஸெய் பெய்ஷ், ஸெய் ஓவுஷ், ஸ ஃபாஷ் ஃபவோர்’ என்று கேட்கலாம். மன்னிக்கவும், இறைச்சி, மீன், முட்டை இல்லாத ஓர் உணவு வேண்டியிருந்தது, தயவுசெய்து என்பது இதன் பொருள். பால் ஆகுமென்றால், ‘லெய்த் போத் ஸேர்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். முன்பின் அறியாதவரை ‘வொஸே’, அதாவது ‘நீங்கள்’, என விளிப்பது பிரேசிலில் இயல்பு. போர்ச்சுகலில் பலருக்கு அது உறுத்தும்.

விருந்துக்கு அழைப்பவர் கேட்கும் முறையும் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த வீட்டு அம்மையார், ‘ஆ அல்கூமா கோய்ஸா கெ நாவ் கோமா?’ என்று கேட்டார். தாங்கள் உண்ணாதது ஏதேனும் உண்டா என்பதோடு கேள்வி முடிந்தது. மதமா, நோயா, விரதமா என்று அவர் துருவவில்லை.

அடுத்த முறை இவ்வாக்கியங்களைத் தமிழ் எழுத்தோடு போர்ச்சுகீசிய எழுத்திலும் அச்சிட்டால், உச்சரிப்பு தடுமாறும் என் போன்றோர் அதைக் கத்தரித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு, பரிமாறுபவரிடம் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.